வெற்றுப் பக்கத்தில் பதினாறு கையெழுத்து

ஐஸ் பாக்டரி சந்தில் இப்போது யாரும் யாரையும் நம்புவதில்லை. போன மாதம் வரை பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனவர்கள், இப்போது சாவியை இடுப்பில் செருகி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இத்தனைக்கும் யார் வீட்டிலும் எதுவும் திருட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம்தான் போகிறது. அதுவும் வருகிற திங்கட்கிழமைதான் போகும்.

நடந்தது இவ்வளவுதான். சந்தின் கடைசியில், துறைமுகத்துக்குப் போகும் பெரிய ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு தொடக்கப்பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இருபத்துமூன்று பிள்ளைகள், ஒரு டீச்சர். மூன்று வாரத்துக்கு முன்னால், மாணவர் நலன் கருதி இந்தப் பள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. நடுவில் உள்ள ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும், இல்லையென்றால் வரிசையாக ஓடும். இரண்டுமே கடக்கிறவர்களுக்கு வசதியில்லை. கடிதத்தில் ரோட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி அஜீசா. வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள். அவளுடைய சின்ன மகள் ரூஹி அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன திங்கட்கிழமை அஜீசா தலைமையில் அம்மாக்கள் பள்ளி கேட்டுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வந்த அதிகாரி கோபப்படவில்லை. சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

"நீங்களே தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கீங்க. நீங்க கேட்டதைத்தான் நாங்க செய்றோம்" என்றார் அவர். தீர்மானத்தின் ஜெராக்ஸ் காபி வேண்டுமானால் வியாழக்கிழமை ஆபீசுக்கு வரலாம் என்றும் சொன்னார்.

இன்று வியாழக்கிழமை.

இடைப்பட்ட மூன்று நாளில் அஜீசா மனசுக்குள் ஒரு பட்டியல் தயாரித்திருந்தாள். முதல் பெயர் ஜெயஸ்ரீ டீச்சர். பள்ளியின் ஒரே டீச்சரும் தலைமை ஆசிரியையும் அவர்தான். ஓய்வுபெற ஒன்றரை வருஷம் இருக்கிறது, அந்தப் பக்கத்துப் பள்ளியில் முதுகு சாய்கிற நாற்காலி இருக்கிறது. இரண்டாவது பெயர் ஃபாத்திமா. குழுவில் புதிய உறுப்பினர், மீஞ்சூரிலிருந்து குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்கு மேல் ஒரு காரணம் தேவைப்படவில்லை.

மூன்றாவது பெயர் அவள் புருஷன் மஜீது.

மஜீது கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அவன் முதலாளி வண்டிகளை நிறுத்த ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் சாப்பிடும்போது மஜீது, பள்ளிக்கூட கிரவுண்டில் நாலு வண்டி தாராளமாக நிற்கும் என்று சொல்லியிருந்தான். டிரைவர் கண்ணுக்கு எல்லா இடமும் பார்க்கிங்காகத்தான் தெரியும் என்று பிறகு விளக்கமும் கொடுத்தான். அஜீசா விளக்கத்தை ஏற்கவில்லை. அவன் குளிக்கும்போது போனை எடுத்துப் பார்த்தாள். முதலாளியிடமிருந்து பதினோரு அழைப்பு, பிரியாணிக் கடையிலிருந்து நான்கு. பிரியாணியையும் அவள் சந்தேகத்தில் வைத்தாள்.

*

ஆபீசுக்கு அவளோடு சிலுவையம்மாள் வந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள், இரண்டு பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்புபவள், குழுவில் அஜீசாவுக்கு அடுத்தபடி சத்தம் உள்ளவள். போகும் வழியெல்லாம், ஃபைலைத் தேடுகிறேன் என்று சாயங்காலம் வரை உட்கார வைப்பார்கள் என்று எச்சரித்துக்கொண்டே வந்தாள். ஆனால் ஃபைல் உடனே கிடைத்தது. ஆபீசில் ஃபைல் உடனே கிடைத்தால் பயப்பட வேண்டும் என்பது இருவருக்குமே தெரியும்.

பக்கத்தின் மேல்பாதியில் தீர்மானம் இருந்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டபடியால் எங்கள் பள்ளியை அருகிலுள்ள பள்ளியுடன் இணைக்க இக்குழு ஒருமனதாகச் சம்மதிக்கிறது என்றது. கீழ்பாதியில் பதினாறு கையெழுத்து. முதல் கையெழுத்து அஜீசாவுடையது. போலி என்று சொல்ல அவளுக்கு ஆசைதான்.

சிலுவையம்மாள் தன்னுடையதைத் தேடிக் கண்டுபிடித்தாள். "இது என் கையெயுத்துதான். கடேசி எயுத்து எப்பவும் கோட்டத் தாண்டிப் பூடும். தோ, பூட்டுது பாரு." பிறகு அவள் விரல் மேல்பாதிக்குப் போனது. "ஆனா இத்த யாரு சொன்னது? நா சொல்லலியே."

யாரும் சொல்லவில்லை. மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குழு கூடும். அதே மூன்று மணிக்குத்தான் சந்துக்குத் தண்ணி லாரியும் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு ஓடிவந்து, பள்ளித் திண்ணையில் திறந்தே கிடக்கும் தீர்மானப் புத்தகத்தில் வெள்ளையாக இருக்கும் பக்கத்தின் அடியில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மறுபடி குடத்திடம் ஓடுவார்கள். கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பதை டீச்சர் பிறகு நிதானமாக மேலே எழுதிக்கொள்வார். இரண்டு வருஷமாக இதுதான் நடைமுறை. இந்த நடைமுறையில் ஒரு மின்விசிறி வந்தது, சத்துணவு அறைக்கு ஒரு சிமென்ட் மேடை வந்தது. ஆகவே நடைமுறை சரியானது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

கிளார்க் நல்ல மனிதர். இதை ரத்து செய்து இன்னொரு தீர்மானம் போட்டு, குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பேர் கையெழுத்தோடும் தலைமை ஆசிரியை கையெழுத்தோடும், நாளைக் காலை பதினொரு மணிக்குள் புத்தகத்தைக் கொண்டுவந்தால் ஃபைலை நிறுத்தி வைக்கலாம் என்றார். பதினொன்று ஐந்துக்குக் கொண்டுவந்தால் தானும் வருத்தப்படுவதாகச் சொன்னார்.

அஜீசா அதைச் சரியாகக் கேட்கவில்லை. அவள் மேல்பாதி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஜெயஸ்ரீ டீச்சரின் கோழிக்கிறுக்கல் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் பிரேயருக்கு நிற்பதுபோல் நேராக நின்றது. மெய்யெழுத்துக்கு மேலே புள்ளி இல்லை, குட்டிக் குட்டி வட்டம் இருந்தது. அந்த வட்டங்களை அவள் தினமும் பார்க்கிறாள். நைட்டிக் கட்டுகளின் மேல் அளவு எழுதி ஒட்டுவது அவள் மூத்த மகள் தஸ்னீம்.

"யாரு கைன்னு தெர்தா?" என்றாள் சிலுவையம்மாள்.

"தெரியல" என்றாள் அஜீசா.

சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கேட்டுக்கு முன்னால் எல்லோரையும் நிற்க வைத்து எழுதச் சொல்லப்போவதாகச் சிலுவையம்மாள் அறிவித்தாள். ஜெராக்ஸ் காபியை அவளே வாங்கி, மீன் கூடையின் பாலிதீன் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். சந்தில் யாரையும் நம்ப முடியாது என்றாள்.

*

தஸ்னீம் கல்லூரியிலிருந்து வர இரண்டு மணி ஆனது. முதல் வருஷம், காலை ஷிப்ட். மஜீது கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். துறைமுக வரிசையில் பதினாறு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன், அதனால் தூங்குகிறான் என்று வைத்துக்கொள்ள வேண்டியது.

அஜீசா சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பக்கத்தை எப்போது எழுதினாய் என்று கேட்டாள். தஸ்னீமும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.

அன்றைக்கு ரூஹியைக் கூட்டிவரப் போயிருந்தாள். டீச்சருக்குக் கை மணிக்கட்டில் சுளுக்கு. புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருக்கிறது, உன் எழுத்து அழகாயிருக்கும், அதைப் பார்த்துப் பெரிதாக எழுதிவிடு என்று சொல்லிவிட்டு டீச்சர் பிள்ளைகளை வெளியே அனுப்பப் போனார். தஸ்னீம் எழுதினாள்.

"படிச்சுப் பாத்துதான் எயுதினியா?"

"ஆமா."

அஜீசா எதிர்பார்த்தது இல்லை என்ற பதிலை. அதற்கு வேண்டிய திட்டையும் தயாராக வைத்திருந்தாள். இப்போது அது உதவவில்லை.

"போன ரம்ஜான் லீவுல ரூஹிகிட்ட பிஸ்கட் பாக்கெட்டக் குடுத்துப் பேரு படிக்கச் சொன்னேம்மா. படத்தப் பாத்துச் சொல்லிட்டா. படத்த மறைச்சேன். அழுதுட்டா. மூணாவது படிக்கிறா. அஞ்சு கிளாசுக்கு ஒரே டீச்சர், அவங்களும் பாதி நேரம் போன்ல ஏதோ ஏத்திக்கினே கீறாங்க. அந்தப் பக்கம் கிளாசுக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. நீங்க பாய் விரிச்சு உக்காந்து எதக் காப்பாத்துறீங்க?"

அஜீசாவிடம் பதில் இருந்தது. ஆனால் கட்டிலிலிருந்துதான் அது வந்தது. மஜீது திரும்பவில்லை, சுவரைப் பார்த்தே பேசினான்.

"கேபின்ல உக்காந்தா பம்பருக்கு முன்னாடி ஆறடி வரிக்கும் ஒண்ணும் தெரியாது. ரூஹி ஒசரத்துக்கு நின்னா இன்னும் கஷ்டம். ஆரன் அடிக்கணும்னாக்கூட ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான அடிப்பான். பச்ச விழுந்தா நானும் எடுத்துருவேன்."

தஸ்னீம் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அந்த ரோட்டை அவள் தினமும் கடக்கிறாள். ஐந்தடி மூன்று அங்குலத்தில் கடக்கிறாள்.

மூன்று நாளாகப் பட்டியலில் வைத்திருந்த புருஷனை அஜீசா அன்றைக்குத்தான் நீக்கினாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை. வைத்ததையும்தான் சொல்லவில்லை.

சாயங்காலம் கேட்டுக்கு வரவேண்டாம் என்று மகளிடம் சொன்னாள். குழுவில் இல்லாதவளை யாரும் எழுதச் சொல்லப் போவதில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை.

*

ஐந்து மணிக்குச் சிலுவையம்மாள் ஐஸ் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து மேசையாக்கியிருந்தாள். அதன்மேல் ஒரு நோட்டும் பேனாவும். குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்து 'பள்ளியுடன் இணைக்கச் சம்மதம்' என்று எழுத வேண்டும். வேண்டாத வாக்கியத்தை மறுபடி எழுதுவது அபசகுனம் என்று ஒருத்தி சொன்னாள். அப்படிச் சொன்னதாலேயே அவளை முதலில் எழுத வைத்தார்கள்.

பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற வந்தவர்களில் நான்கு பேருக்குக் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுத வரவில்லை. அவர்கள் மட்டும் உடனடியாகக் குற்றமற்றவர்கள் ஆனார்கள். மற்றவர்கள் தங்கள் எழுத்தைக் கொஞ்சம் கோணலாக்கி எழுதினார்கள். ஜெயஸ்ரீ டீச்சர் சாவிக்கொத்தோடு கேட்டுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் இன்னும் கட்டு இருந்தது. அதனால் அவரை எழுதச் சொல்ல முடியவில்லை. கட்டும் சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது.

ஏழாவதாக ஃபாத்திமா எழுதினாள். அழகான, உருண்டையான எழுத்து. மேலே குட்டி வட்டம்.

சிலுவையம்மாள் காபியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மற்றவர்கள் தோள் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அப்படியே இருக்கிறது என்று ஒருத்தி சொன்னதும், அப்படியே இருப்பதாக எல்லோருக்கும் தெரிந்தது. மீஞ்சூரிலிருந்து யாராவது சும்மா குடிவருவார்களா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எவ்வளவு வாங்கினாள் என்றும் கேட்டது.

ஃபாத்திமா வாதாடவில்லை. "கடேசியா கையெயுத்து போட்டது நாந்தான். அப்பவும் மேல வெள்ளயாத்தான் இருந்திச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் பிள்ளையின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நாளைக்கே டி.சி. வாங்கிக்கொள்வதாக டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்.

இருபத்துமூன்று, இருபத்திரண்டு ஆகப்போனது. அஜீசா அதைத்தான் முதலில் நினைத்தாள். பிறகுதான், ஒன்றும் செய்யாதவள் ஒருத்தி தலைகுனிந்து போகிறாள் என்பதை நினைத்தாள். நினைப்பு வந்த வரிசை அப்படி அமைந்ததில் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"ஃபாத்திமா, உக்காரு" என்றாள். "அது தஸ்னீம் கை. என் பொண்ணு."

ரோட்டில் ஒரு லாரி பிரேக் போட்டது நன்றாகக் கேட்டது.

காலையில் தெரியாது என்றாயே என்று சிலுவையம்மாள் கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் பார்த்த பார்வை கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அதற்குள், வரவேண்டாம் என்று சொல்லப்பட்ட தஸ்னீம் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மஜீது, தோளில் ரூஹி.

தஸ்னீம் வீட்டில் சொன்னதையே சொன்னாள். பிஸ்கட் பாக்கெட், ஒரே டீச்சர், அழுகை. மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், "ரோடு என் நெனப்புல வரல. அது என் தப்பு. மத்தது தப்பில்ல" என்று முடித்தாள்.

அடிக்கக்கூடப் போகிறார்கள் என்று அஜீசா நினைத்தாள். யாரும் அசையவில்லை. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் பெரியவன் அஞ்சாவது" என்றாள் சிலுவையம்மாள். "கோயில்ல பாட்டு புக்க தலகீயா புட்ச்சிகினு பாடறான். ராகம் கரீக்டா கீது. நானும் சொம்மா இருந்துட்டேன், வெளிய சொன்னா பள்ளிக்கூடத்த மூடிருவானுங்கன்னு." பிறகு தஸ்னீமிடம் பேனாவை நீட்டினாள். "நீதான எயுதின. நீயே மாத்தி எயுது. இந்த வாட்டி நாங்க சொல்றத எயுது. எயுதினப்பறம் கையெயுத்து."

டீச்சர் கேட்டைத் திறந்து தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஐஸ் பெட்டி மூடியில் வைத்துத் தஸ்னீம் எழுதினாள். முந்தைய தீர்மானம் ரத்து. பள்ளி இங்கேயே நடக்க வேண்டும். இரண்டாவது டீச்சர் வேண்டும். இரண்டாவதா, மூன்றாவதும் வேண்டுமா என்று கால் மணி நேரம் சண்டை நடந்து, இரண்டில் நின்றது. பிறகு அவள் உரக்கப் படித்தாள். சந்தேகப்பட்டு இன்னொருத்தியை விட்டு மறுபடி படிக்கச் சொன்னார்கள். அதன்பிறகுதான் பதினாறு பேரும் போட்டார்கள். ஃபாத்திமா இந்த முறையும் கடைசியில் போட்டாள், மேலே வெள்ளையாக இல்லை என்று பார்த்துவிட்டு.

மிச்சம் இருந்தது டீச்சரின் கையெழுத்து. கட்டுப்போட்ட கையால் மெதுவாகப் போட்டார். போட்டுவிட்டு, அஜீசாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"திங்கட்கிழமையே நான் பக்கத்தைப் பார்த்துட்டேன். தஸ்னீம் எழுத்து. தலைவி வீட்டுப் பொண்ணு, நீங்க சொல்லித்தான் எழுதியிருக்கான்னு நெனச்சேன். அதான் வாயத் திறக்கல."

"நீங்க குடுத்த சீட்டப் பாத்துத்தான டீச்சர் எயுதினா?"

"நான் வெச்ச சீட்டு பாத்ரூம் கதவைப் பத்தி. தாழ்ப்பாள் போச்சுன்னு ரெண்டு வரி. பக்கத்தை போட்டோ எடுத்து ஆபீஸ் ஆப்ல அன்னிக்கே ஏத்திட்டேன், படிச்சுப் பாக்கல. அது என் தப்பு. ஆனா இணைப்புன்னு நான் எங்கயும் எழுதல."

அஜீசா தஸ்னீமைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டாள். கதவைப் பற்றி எந்தச் சீட்டும் புத்தகத்தில் இல்லை என்றாள் தஸ்னீம். இருந்தது ஒன்றுதான். அதைப் பாட நோட்டில் பக்க அடையாளத்துக்கு வைத்திருக்கிறாள். பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள்.

நீல மையில் அதே வாக்கியம். அஜீசாவுக்குத் தெரியாத எழுத்து. அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் அச்சடித்த எடை மேடைச் சீட்டு. லாரிகளை எடை போட்டு அனுப்பும்போது டிரைவர் கையில் கொடுப்பது. தேதி இருந்தது, அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள். அதற்குக் கீழே வண்டி நம்பர். ரோட்டில் எந்த கன்டெய்னர் லாரி வந்தாலும் புருஷனுடைய அந்த நம்பரா என்று முதலில் பார்த்தே பழகியவள் அவள்.

"இன்னாம்மே அது?" என்றாள் சிலுவையம்மாள்.

"மளிகைச் சீட்டு" என்று அஜீசா அதை மடித்துப் பர்தாவின் பைக்குள் வைத்தாள். இன்றைக்கு இரண்டாவது பொய். முதலாவது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

கூட்டம் கலைய ஆரம்பித்தது. மஜீது ரூஹியைக் கீழே இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் வந்தான். காலையில் வண்டியை அந்த வழியாகத்தான் எடுக்கப்போவதாகவும், ஆபீஸ் வாசலிலேயே இறங்கிக் கொடுத்துவிடுவதாகவும், அவள் பஸ்ஸுக்கு அலைய வேண்டாம் என்றும் சொன்னான். நல்ல யோசனைதான். சிலுவையம்மாள்கூடத் தலையாட்டினாள்.

"புக்கக் குடு" என்று கையை நீட்டினான். "கனமா கீது பாரு."

அஜீசா புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்ல" என்றாள். "நானே எடுத்துக்கினு வரேன்."

பத்தொன்பது வருஷக் கல்யாணத்தில் அவள் அவனிடம் ஒரு சுமையைக் கொடுக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. நீட்டிய கையை மஜீது உடனே மடக்கவில்லை.